டர்போ மேல் பழி போடும் முன்

பத்துப் பதினைந்து வயதான டர்போ டீசல் காரில் புதிதாக ஒரு சத்தம் முளைத்தாலும் சரி, டெம்பரேச்சர் முள் மேலே ஏறினாலும் சரி, ஒர்க்‌ஷாப்பில் முதல் பழி விழுவது டர்போ மேல்தான். "டர்போ போயிருச்சுங்க" என்று மெக்கானிக் சொல்லும்போதே உரிமையாளர் செலவைக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். கழற்றிப் பார்த்தால் பல வண்டிகளில் டர்போ நன்றாகவே இருக்கும். குற்றவாளி ஒரு கிழிந்த ஹோஸாகவோ, சுற்றாத ஃபேனாகவோ, அழுத்தம் பிடிக்காத மூடியாகவோ இருப்பான். டர்போ உண்மையிலேயே செத்துக் கிடந்தாலும் அதைக் கொன்றது வேறொன்று. டர்போ தானாகச் சாவதில்லை, கொல்லப்படுகிறது என்பது டர்போ தொழிலில் இருப்பவர்களின் வழக்கமான பேச்சு. அந்தக் கொலையாளிகளை எந்த வரிசையில் விசாரிப்பது என்பதே இங்கே விஷயம்.

பேச்சுக்கு ஒரு வண்டி வேண்டும். ஃபியட் 2003-ல் ஐரோப்பாவில் அறிமுகப்படுத்திய 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சினை விடப் பொருத்தமானது இங்கே வேறில்லை. 1,248 சி.சி., நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். 2007-ல் மாருதி ஸ்விஃப்ட்டில் 'டிடிஐஎஸ்' என்ற பெயரோடு வந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடாவின் இண்டிகா விஸ்டா, மான்சா, ஃபியட்டின் புன்டோ, லீனியா என்று கம்பெனி பேதமில்லாமல் எல்லா வீட்டு வாசலிலும் நின்றது. இந்தியாவின் தேசிய எஞ்சின் என்று வாகனப் பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதும் அளவுக்குப் பரவியது. 75 குதிரைத் திறனும் 190 நியூட்டன் மீட்டர் இழுவையும் தந்த அந்தச் சிறிய எஞ்சினை, பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலோடு மாருதி நிறுத்திக்கொண்டது. ஆக, இனி ஓடப்போகும் மாருதி டிடிஐஎஸ் எல்லாமே பழைய வண்டிதான்.

டர்போ செய்யும் வேலை எளிது. அது இருக்கும் இடம்தான் கொடுமையானது. எரிந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று, அதிக டீசல், அதிக இழுவை. ஒரு பக்கம் எழுநூறு எண்ணூறு டிகிரிப் புகை, சில அங்குலம் தள்ளி மறுபக்கம் வெளிக்காற்று. நடுவில் இருக்கும் தண்டு சிறிய டீசல் கார்களில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். அந்த வேகத்துக்குச் சாதாரண பால் பேரிங் பெரும்பாலும் சரிவராது. தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடிதான் சுற்றுகிறது. எண்ணெய் சில நொடிகள் வராமல் போனாலும் உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடும். பின்னால் சொல்லப்போகும் பலவற்றுக்கும் வேர் இந்த எண்ணெய்தான்.

ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூசி இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டது 1905-ல். அது காருக்குள் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்காவில் 1962-ல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் டர்போவோடு வந்தபோதே சூட்டுப் பிரச்சினையும் கூடவே வந்தது. அமுக்கிய காற்று சூடாகும். சூடான கலவை நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைத் தட்டும். அதைத் தடுக்க மெத்தனாலும் காய்ச்சி வடித்த நீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றச் சொன்னார்கள். உரிமையாளர்கள் ஊற்ற மறந்தார்கள். தொட்டி காலியானால் ஒரு வால்வு டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துவிடும், வண்டி மந்தமாகிவிடும். கடைசியில் டர்போவையே கழற்றித் தரும் நிலைக்குக் கம்பெனி போனது. உரிமையாளர் பார்த்துப் பார்த்து ஊற்றுவார் என்று நம்பி வடிவமைத்த எந்த இயந்திரமும் உருப்பட்டதில்லை.

இதற்கு நல்ல பதில் தந்தது ஸ்வீடனின் சாப் நிறுவனம். அங்கே டர்போ எஞ்சின்களை வளர்த்தவர் பேர் கில்பிராண்ட் என்ற பொறியாளர். 1980-களின் தொடக்கத்தில் சாப் கார்களில் ஏபிசி என்றொரு ஏற்பாடு வந்தது. எஞ்சின் பிளாக்கில் திருகிய ஓர் உணர்வி, உள்ளே தட்டும் சத்தம் எழுகிறதா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். சத்தம் வந்த கணமே டர்போவின் அழுத்தம் குறைக்கப்படும். சத்தத்தை வைத்து நோய் கண்டுபிடிக்கும் வேலையை வண்டியே செய்தது. நம் ஊர் மெக்கானிக் நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கிறாரே, அந்தக் காரியத்தின் மின்னணு வடிவம்தான் அது.

இப்போது ஒரு காட்சி. பொள்ளாச்சியில் ஒரு ஷெட். 2011 மாடல் ஸ்விஃப்ட் டீசல் நிற்கிறது. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் இழுவை குறைந்து, முன்பக்கம் உஸ்ஸென்று சத்தம் வருகிறது, முள்ளும் ஏறுகிறது என்கிறார் உரிமையாளர். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை மிதித்துப் பார்க்கிறார்.

"சத்தமே வர்லீங்களே சார்?"

"இங்க நிக்கறப்ப வராதுங்க. ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல மிதிச்சாத்தான் வருது."

உரிமையாளர் சொன்ன அந்த வரியில் பாதிப் பரிசோதனை முடிந்துவிட்டது. நியூட்ரலில் மிதிக்கும்போது எஞ்சினுக்குச் சுமை இல்லை. சுமை இல்லாத இடத்தில் டர்போ பெரிதாகக் காற்றை அமுக்குவதும் இல்லை. ஆகவே காற்றுக் கசிவும் கேட்காது. வண்டியை ஓட்டிப் பார்க்காமல் டர்போ சத்தத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. சத்தம் எப்படி இருக்கிறது என்று வாயால் பாவனை செய்து காட்டுவதை விட, எப்போது வருகிறது என்று சொல்வதுதான் பயன். குளிர்ந்த எஞ்சினிலா, சூடான பிறகா? ஏற்றத்திலா, காலை எடுக்கும்போதா? வண்டி நின்றாலும் வருமா? ஏ.சி. போட்டால் மாறுமா?

சுமையில் மட்டும் உஸ்ஸென்று வந்து, கூடவே கரும்புகையும் இழுவைக் குறைவும் இருந்தால், டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் ஹோஸில் கிழிசல் இருக்கிறது. டர்போ வழியாக எப்போதும் கொஞ்சம் எண்ணெய் ஆவி போகும். அது ரப்பரை வருடக்கணக்கில் ஊறவைத்து இளக்கிவிடும். கிழிசல் பெரும்பாலும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் கடிக்கும் இடத்தில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் புதுசு போலத் தெரியும். கையைக் கீழே விட்டுத் தடவினால் விரலில் ஈரமாக எண்ணெய் ஒட்டும். அந்த இடம்தான். வால்பாறை வண்டிக்கும் இதுதான் முதல் சந்தேகம். காற்று பாதியில் கசிந்து போவதால், ஓட்டுபவர் இன்னும் அழுத்தி மிதிக்கிறார். காற்றுக்கு மிஞ்சிய டீசல் எரிந்து புகைச் சூடு ஏறுகிறது. குறைந்த வேகத்தில் ரேடியேட்டருக்குப் போதிய காற்றும் இல்லை. ஒரு ஹோஸ் சத்தத்தையும் கொடுத்தது, சூட்டையும் கொடுத்தது.

சைரன் போல ஊளையிட்டு, எஞ்சின் வேகத்தோடு ஏறி, காலை எடுத்த பின்னும் மெல்ல இறங்கும் சத்தம் வேறு ஜாதி. அது தண்டு ஆடுவதால் வருவது. எஞ்சின் குளிர்ந்த பிறகு, ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு, தண்டு மிதப்பது எண்ணெய்ப் படலத்தில் அல்லவா? இதைத் தெரியாமல் எத்தனையோ நல்ல டர்போக்களைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முன்னும் பின்னுமாக இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. சக்கரத்தின் இதழ் முனைகள் வெளிக்கூட்டை உரசிய பளபளப்புக் கோடு தெரிந்தால் மட்டும் டர்போவைக் கழற்றலாம்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி கரகரவென்று வந்து அடங்குவது பெரும்பாலும் டைமிங் செயின். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. இரவில் எண்ணெய் வடிந்திருந்தால் அழுத்தம் வரும் வரை செயின் தளர்ந்து அடிக்கும். நொடிகள் கூடிக்கொண்டே போனால் செயின் நீண்டுவிட்டது, அல்லது எண்ணெய் குறைந்துவிட்டது. 1.3 எஞ்சினில் செயினுக்கு ஆயுள் முழுக்கக் கவலையில்லை என்று சொல்லி விற்றார்கள். எண்ணெயை நேரத்துக்கு மாற்றுபவர்களுக்கு அது ஏறக்குறைய உண்மை.

குளிரில் டிக் டிக்கென்று அடித்து, சூடானதும் குறைந்துவிடுவதைப் பலர் டேப்பெட் என்பார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிந்தாலும் இதே சத்தம்தான். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை மூடுவதால் அடங்குகிறது. கரி படிந்த விசிறி வடிவக் கறை காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வாஷர் கசிந்தால் சுக்கு சுக்கென்று ரயில் போல வரும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போன்ற கறுப்பு உறைந்திருக்கும். இதை முளையிலேயே பார்த்தால் வாஷர் விலையோடு போகும். விட்டுவைத்தால் இன்ஜெக்டரை வெளியே எடுப்பதே பெரும்பாடு.

பெல்ட் பக்கத்துக் கீச்சும் கரகரப்பும் எதிலிருந்து என்று குழம்பினால், குளிர்ந்த எஞ்சினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிடலாம். சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர், ஐட்லர், வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்று. அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருந்தால் தண்ணீர் ஓட்டமே இருக்காது. ஒரு எச்சரிக்கை: பழைய டீசலில் செய்தது போல, காமன் ரெயில் எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

டாஷ்போர்டுக்குள் களகளவென்று தண்ணீர் ஓடுவது போலக் கேட்டால், அது சத்தத்திலிருந்து சூட்டுக்குப் போகும் பாலம். கூலன்ட் பாதையில் காற்று புகுந்திருக்கிறது. ஒன்று, எங்கோ கசிந்து அளவு குறைந்திருக்க வேண்டும். இல்லை, சிலிண்டர் புகை தண்ணீருக்குள் வந்திருக்க வேண்டும்.

சூட்டிலும் முதல் கேள்வி எப்போது என்பதுதான். சிக்னலில் நின்றால் முள் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேனைப் பார்க்க வேண்டும். இதற்கு முன்னறிவிப்பு உண்டு: நின்றால் ஏ.சி. குளிர்ச்சி குறையும், நகர்ந்தால் திரும்பும். கண்டன்ஸருக்கும் அதே ஃபேன்தான் காற்று தருகிறது. ஏ.சி. போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார். இரண்டு வேக ஃபேன் உள்ள பல வண்டிகளில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்து போயிருக்கும். ஃபேன் கடைசி நேரத்தில் முழு வேகத்தில் மட்டும் அலறும். ஸ்கார்ப்பியோ, சஃபாரி போன்ற பெரிய வண்டிகளில் பழைய மாடலாக இருந்தால் விஸ்கஸ் கிளட்ச்சைப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்த பின் சூடான ஃபேனைக் கையால் சுற்றினால் நன்றாக இறுக்கம் தெரிய வேண்டும். காற்றாடி போலச் சுற்றினால் உள்ளே சிலிக்கான் எண்ணெய் போய்விட்டது.

நெடுஞ்சாலையில், ஏற்றத்தில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு. கண்டன்ஸர், இன்டர்கூலர், ரேடியேட்டர் என்று ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கியிருக்கும் வண்டிகளில் நடுச் சந்தில் பூச்சியும் மண்ணும் கம்பளி போல அடைந்து கிடக்கும். முன்னால் நின்று குழாயால் அடித்தால் அது போகாது, இன்னும் உள்ளே இறுகும். உட்பக்கத்து அடைப்புக்கு நாமே காரணம். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்புப் படிய வைத்திருப்போம். கூலன்ட்டை விலை அதிகமென்று தவிர்த்துவிட்டு ரேடியேட்டரை வாங்கும் சிக்கனம் நம்முடையது.

மூடி என்ற சின்னப் பொருளை யாரும் சந்தேகப்படுவதில்லை. வீட்டுக் குக்கரில் வெயிட் செய்வதைத்தான் இங்கே மூடி செய்கிறது. ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தில் தண்ணீர் 121 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் நூறிலேயே கொதிக்கும். 2,200 மீட்டருக்கு மேலிருக்கும் ஊட்டியில் இன்னும் மோசம்: திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட்டே 88-ல்தான் திறக்கிறது என்றால் மிச்சம் எவ்வளவு? மலையேறும் பழைய வண்டிக்கு முதலில் மாற்ற வேண்டியது சில நூறு ரூபாய் மூடி.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு "டைரக்ட் பண்ணிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும் வழக்கத்தை என்ன சொல்வது? எஞ்சின் தேவையான சூட்டை அடையாமல் கரி கட்டும், மைலேஜ் விழும். மூல நோயோ அப்படியே இருக்கும். சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டைக் கயிற்றில் கட்டி, சமையல் பாத்திரத்து வெந்நீரில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். அதன் மேலேயே திறக்கும் டிகிரி பொறித்திருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் கூலன்ட் மாயமாகக் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். அதைக் கண்டுபிடிக்க ஹெட்டைக் கழற்ற வேண்டாம். இரவு முழுக்க ஆறிய எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் இன்னும் குளிர்ந்தே இருக்கும்போது, ஒரு நிமிடத்துக்குள் ஹோஸ் கல்லாக இறுகினால், அந்த அழுத்தம் சூட்டால் வந்ததல்ல, சிலிண்டரிலிருந்து வந்தது. உறுதிப்படுத்த, கூலன்ட் தொட்டியின் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் இருக்கிறது. சிலிண்டர் புகை பட்டால் பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறும்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்ட வேண்டும். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர். நம் ஊரில் வாங்கிய நாளிலிருந்து அந்தக் குமிழை யாரும் திருப்பியிருக்க மாட்டார்கள் என்பதால், இறுகிப் போயிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மூடியைத் திறப்பதும், கொதிக்கும் அலுமினிய ஹெட் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. முன்னது கையைச் சுடும், பின்னது ஹெட்டை வளைக்கும்.

இனி எண்ணெய். மலையேறி வந்த வண்டியை நிறுத்தியதும் பட்டென்று சாவியைத் திருப்பினால், எண்ணெய் பம்ப் நின்றுவிடும். தணலாக இருக்கும் டர்போ நடுவில் தேங்கிய எண்ணெய் வெந்து கரியாகும். அது ஊசித் துளை போன்ற எண்ணெய்ப் பாதையை மெல்ல அடைக்கும். ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் போதும். 2000-ஐ ஒட்டி வந்த சாப் 9-3, 9-5 பெட்ரோல் டர்போக்களில் இந்தக் கரியும் கசடும் பெரிய பிரச்சினையாகி, எண்ணெய்த் தொட்டியில் இருக்கும் சல்லடையை அடைத்தன. எண்ணெய் மேலே வராமல் எஞ்சின்கள் கெட்டன. எட்டு வருடம் வரை உத்தரவாதத்தை நீட்டும்படி ஆனது. டர்போவை வளர்த்த கம்பெனிக்கே அந்தக் கதி.

டீசலில் இதன் உச்சக்கட்டம் பயங்கரமானது. டர்போவின் சீல் முழுதாகப் போய், எஞ்சின் தன் எண்ணெயையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கினால், சாவியை எடுத்தாலும் நிற்காது. தெருவையே மறைக்கும் வெண்புகையோடு வேகம் ஏறிக்கொண்டே போகும். மேனுவல் கியர் வண்டியில் பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்து, பெரிய கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டால் திணறி நிற்கும். அது முடியாவிட்டால் இறங்கி விலகிவிட வேண்டும்; வேகமாகச் சுற்றும் எஞ்சின் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

விசாரணை முடிந்து, டர்போவையே மாற்றுவது என்றாகிவிட்டால், ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை சில உண்டு. எண்ணெய் கொண்டுவரும் பைப்பையும் அதன் பான்ஜோ போல்ட்டையும் புதிதாகப் போடுகிறார்களா? எண்ணெய் திரும்பும் பைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தார்களா? பழைய இதழ் உடைந்திருந்தால், உலோகத் துண்டும் எண்ணெயும் இன்டர்கூலருக்குள் கிடக்கின்றனவா என்று பார்த்தார்களா? இவை இல்லாமல் பொருத்திய புது டர்போ சில மாதங்களில் பழையது போன வழியிலேயே போகும். எண்ணெயும் ஃபில்டரும் அன்றைக்கே மாற வேண்டும். மாட்டியதும் நேரே ஸ்டார்ட் செய்யக் கூடாது. டர்போவின் எண்ணெய் வாயில் சில துளி விட்டு, டீசல் வராதபடி இணைப்பைத் துண்டித்து, எண்ணெய் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, எல்லா இணைப்புகளிலும் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை வெளியே எடுக்கலாம்.